விட்டுக்கொடுக்கிறவர் யார்?

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் பருவம் வழக்கமாக ஜூன் மாதத்தில் நிறைவடைகிறது. ஓர் அணி கோப்பையை உயர்த்துகிறது. மற்ற 29 அணிகளும் வெறுங்கையோடு வீடு திரும்புகின்றன. ஆனால், ஜூன் 30 மாலையில் வேறொரு போட்டி தொடங்கிவிடுகிறது. அதற்குப் பந்தும் வேண்டாம், மைதானமும் வேண்டாம். ஒப்பந்தக் காலம் முடிந்த வீரர்கள், தாங்கள் விரும்பும் அணியோடு பேசிப் புதிய ஒப்பந்தம் செய்துகொள்ளும் காலம் அது. அதனை ஃப்ரீ ஏஜென்சி என்று அழைக்கிறார்கள். தோற்ற அணிகளெல்லாம் அந்த நாட்களில்தான் தங்களைப் புதிதாகக் கட்டியெழுப்ப முனைகின்றன.

கட்டுவது எளிதன்று. வழக்கமான ஒப்பந்தத்தில் 15 வீரர்களுக்குமேல் ஓர் அணி பருவத்தில் வைத்துக்கொள்ள முடியாது. சம்பளத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. 2024–25 பருவத்தில் அது ஏறத்தாழ 14 கோடி டாலர். விதிவிலக்குகள் பல இருந்தாலும், ஒருவருக்கு மிகுதியாகக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும் என்பதே பொதுவான நிலை. ஒரு குடும்பத்தின் மாதச் செலவைப் போன்றதுதான் இந்தக் கணக்கு.

ஜூலை மாதத்தில் பணத்தால் வாங்கப்படுகிறவர்கள் வீரர்கள். அணியை அப்படி வாங்க இயலாது என்பது என் கருத்து. தம்மிடம் உள்ளதில் ஒரு பங்கை மனமுவந்து விட்டுக்கொடுக்கிறவர்கள் இருக்கும் இடத்தில்தான் அணி உருவாகிறது. ஆனால், இதனோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொன்று உண்டு. விட்டுப்போகும் உரிமை உடையவனால் மட்டுமே உண்மையில் விட்டுக்கொடுக்க முடியும். இந்த இரண்டாம் பகுதியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அந்த உரிமை எப்படி வந்தது என்று பாருங்கள். ஒரு காலத்தில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரர் அந்த அணிக்கே கட்டுப்பட்டிருந்தார். அணி அவரை விற்கலாம், மாற்றலாம், வைத்துக்கொள்ளலாம். அவர் மட்டும் வேறிடம் தேடிப் போக இயலாது. 1970ஆம் ஆண்டில், வீரர் சங்கத்தின் தலைவராயிருந்த ஆஸ்கார் ராபர்ட்சன் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அப்போது அவர் புகழின் உச்சியில் இருந்தவர்; வாய்மூடி இருந்திருந்தால் அவருக்கு ஒரு குறைவும் வந்திராது. 1976இல் அந்த வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. கட்டுகள் தளரத் தொடங்கின. எந்தத் தடையும் இல்லாமல் அணி மாறும் முழு உரிமையோடு டாம் சேம்பர்ஸ் என்ற வீரர் சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸ் அணிக்குச் சென்றது 1988இல்தான். ராபர்ட்சனோ 1974இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் போராடிப் பெற்ற உரிமையின் கனியைப் புசித்தவர்கள் அவருக்குப் பின் வந்தவர்களே.

இப்போது 2010ஆம் ஆண்டுக்கு வாருங்கள். ஜூலை 8 அன்று லெப்ரான் ஜேம்ஸ் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அமர்ந்து, தாம் ஏழு பருவங்கள் ஆடிய கிளீவ்லாந்து அணியை விட்டு மயாமி அணிக்குப் போவதாக அறிவித்தார். கிளீவ்லாந்தில் ரசிகர்கள் அவருடைய சட்டையைத் தெருவில் கொளுத்தினார்கள். முந்தைய பருவத்தில் 61 ஆட்டங்களில் வென்ற அந்த அணி, அடுத்த பருவத்தில் 19 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. மயாமியிலோ கொண்டாட்டம்! ஜேம்ஸ், டுவெய்ன் வேட், கிறிஸ் பாஷ் ஆகிய மூவரும் மேடையேறினார்கள். எத்தனை கோப்பைகளை வெல்வோம் என்று அங்கே எண்ணிக்கை சொல்லப்பட்டது. ஏழோடும் அது நிற்கவில்லை. அதுவரை மயாமி அணிக்காக ஓர் ஆட்டம்கூட அவர்கள் சேர்ந்து ஆடியிருக்கவில்லை.

முதல் ஆண்டின் இறுதிச்சுற்றில் டல்லஸ் அணியிடம் அவர்கள் தோற்றார்கள். மூன்று பெரிய பெயர்கள் இருந்தும் கோப்பை கைக்கு வரவில்லை.

பிறகு என்ன மாறியது? மயாமி வேட்டின் அணி. 2006இல் அதற்கு முதல் கோப்பையைத் தேடித்தந்தவர்களில் முதன்மையானவர் அவரே. அந்த வேட், அணியை முன்னின்று நடத்தும் இடத்தை ஜேம்ஸுக்கு விட்டுக்கொடுத்துச் சற்றே விலகி நின்றார். 2010–11 பருவத்தில் ஆட்டத்துக்கு 25.5 ஆக இருந்த அவருடைய புள்ளிச் சராசரி, இரண்டு ஆண்டுகளில் 21.2 ஆகக் குறைந்தது. பாஷ் இன்னும் அதிகமாக இழந்தார். டொரன்டோ அணியின் தலையாய வீரராய் ஆட்டத்துக்கு 24 புள்ளிகள் எடுத்தவர், 2012–13இல் 16.6 புள்ளிகளோடு நின்றார். மூவரும் தங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய உச்சச் சம்பளத்தைவிடக் குறைவாகவே பெற்றார்கள். அதனால் மிச்சமான இடத்தில் உடோனிஸ் ஹாஸ்லம் தங்க முடிந்தது. மயாமியில் பிறந்த அவருக்கு வேறு அணிகள் அதிகப் பணம் தர முன்வந்தன. அவரோ குறைந்த பணத்துக்குத் தம் ஊர் அணியில் நீடித்தார். 2023இல் ஓய்வு பெறும்வரை 20 பருவங்களும் அதே அணிதான்.

2013 ஜூன் 18 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். சான் அன்டோனியோ அணிக்கு எதிரான இறுதிச்சுற்றில் ஆறாவது ஆட்டம். மயாமி தோற்றால் எல்லாம் முடிந்தது. சில நொடிகளே மிச்சம்; 95–92 என்று சான் அன்டோனியோ முன்னிலை. கோப்பை வழங்கும் நிகழ்ச்சிக்காக மைதானத்தின் ஓரத்தில் கயிறு கட்டவும் ஆயத்தமாகிவிட்டார்கள். ஜேம்ஸ் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. அதனை எம்பிப் பிடித்தவர் பாஷ். பிடித்த பந்தை, பின்னோக்கி ஓடி மூலையில் இடம்பிடித்த ரே ஆலனிடம் கொடுத்தார். 5.2 நொடிகள் மிச்சமிருக்க ஆலன் மூன்று புள்ளிகள் எடுத்து ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் மயாமி வென்றது. இந்த ஆலன் யார்? முந்தைய ஆண்டின் ஜூலையில், பாஸ்டன் தர முன்வந்ததைவிடக் குறைந்த சம்பளத்துக்கு மயாமி வந்தவர்.

இரண்டு நாட்களுக்குப் பின் நடந்த ஏழாவது ஆட்டத்தில் பாஷ் எடுத்த புள்ளிகள் பூஜ்யம். மயாமி கோப்பையை வென்றது. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்க்கிறவர் அந்த இரவில் பாஷ் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லுவார். ஆனால், ஆறாவது ஆட்டத்தில் அவர் அந்தப் பந்தைப் பிடித்திராவிட்டால் ஏழாவது ஆட்டமே நடந்திராது.

இதற்கு எதிரான காட்சியும் உண்டு. 2019 கோடையில் கெவின் டுராண்ட், கைரி இர்விங் என்ற இரு பெரும் வீரர்களைப் புரூக்ளின் அணி சேர்த்துக்கொண்டது. 2021 ஜனவரியில் ஜேம்ஸ் ஹார்டனும் வந்தார். அதற்கு விலையாக, அந்த அணி பொறுமையாக வளர்த்திருந்த இளம் வீரர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். மூவரின் பெயரைக் கேட்டாலே எதிரணி நடுங்கும் என்றார்கள். ஆனால், பிளேஆஃப் ஆட்டங்களையும் சேர்த்து அந்த மூவரும் ஒன்றாகக் களமிறங்கியவை வெறும் 16 மட்டுமே. காயங்கள், நீண்ட நாள் இல்லாமை, இடமாற்றக் கோரிக்கைகள் என்று நாட்கள் கடந்தன. 2023 பிப்ரவரிக்குள் மூவரும் போய்விட்டார்கள். காயத்துக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எனினும், பட்டியலில் பெயர்களை அடுக்குவது வேறு, ஒருவரோடொருவர் நிலைத்திருப்பது வேறு என்பதை அந்த மூன்றரை ஆண்டுகள் நமக்குக் காட்டுகின்றன.

இதுவரை வாசித்ததும், "சரி, தியாகம் செய்யுங்கள் என்று சொல்லப்போகிறீர்கள்" என்று நீங்கள் எண்ணக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். எச்சரிக்கை தேவைப்படும் இடம் இதுதான்.

2024 ஜூலையில் நியூயார்க் அணியின் ஜேலன் பிரன்சன், நான்கு ஆண்டுகளுக்கு 15.65 கோடி டாலர் என்ற ஒப்பந்த நீட்டிப்பை ஏற்றுக்கொண்டார். இன்னும் ஓர் ஆண்டு காத்திருந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 26.9 கோடி டாலர் பெற்றிருக்கலாம். அவர் முன்னதாகவே குறைந்த தொகைக்கு இசைந்ததால், நல்ல வீரர்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள அணிக்கு வழி பிறந்தது. 2025இல் நியூயார்க் அணி கிழக்குப் பிரிவின் இறுதிச்சுற்றை எட்டியது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் அதுவே முதல் முறை. பலர் பிரன்சனைப் பாராட்டினார்கள். நானும் பாராட்டுகிறேன். ஆனால், அவருடைய செயலைக் காட்டி, "நீயும் அவரைப் போல் குறைத்துக்கொள்" என்று ஓர் அணி உரிமையாளர் வேறொரு வீரரை நெருக்கினால், அது தியாகம் அன்று. ஒருவர் கொடுத்தது ஈகை. ஒருவரிடமிருந்து பிடுங்கியது வேறு. ராபர்ட்சன் நீதிமன்றத்துக்குப் போனது இந்த வேறுபாட்டுக்காகத்தான். போக உரிமையில்லாதவனின் தங்குதலை விசுவாசம் என்று புகழ்வது பொய்யான புகழ்ச்சி.

மேலும், விசுவாசத்தை நாம் யாரிடம் கேட்கிறோம் என்பதையும் பாருங்கள். 2017 ஏப்ரலில் பாஸ்டன் அணியின் ஐசையா தாமஸ் தம் தங்கையைச் சாலை விபத்தில் இழந்தார். அடுத்த நாள் பிளேஆஃப் ஆட்டத்தில் கண்ணீரோடு களமிறங்கினார். மே 2 அன்று, உயிரோடிருந்தால் அவள் தன் பிறந்தநாளைக் கொண்டாடியிருக்கும் நாளில், 53 புள்ளிகள் எடுத்து அணியை வெல்லச் செய்தார். இடுப்புக் காயத்தோடும் ஆடினார். அதே ஆண்டு ஆகஸ்டில் பாஸ்டன் அணி அவரைக் கிளீவ்லாந்துக்கு மாற்றி, வேறொரு நட்சத்திரத்தைப் பெற்றுக்கொண்டது. அந்தக் காயத்துக்குப் பின் தாமஸின் ஆட்டம் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை.

ஜேம்ஸ் போனபோது சட்டையைக் கொளுத்தினார்கள், துரோகி என்றார்கள். தாமஸை அனுப்பியபோது, "இது வணிகம்" என்று பலர் தோளைக் குலுக்கிக்கொண்டார்கள். வீரர் போனால் துரோகம், நிர்வாகம் அனுப்பினால் மதிநுட்பம் என்பது என்ன நியாயம்? இரண்டு தராசுகளை வைத்திருக்கிறவன் எதையும் நேர்மையாய் நிறுக்க முடியாது. அணிகள் மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றம் இல்லாமல் கட்டியெழுப்புதல் இல்லை. ஆனால், அடிமட்டத்தில் இருப்பவரிடம் கேட்கும் விட்டுக்கொடுத்தலை, மேலே இருப்பவரும் ஏதேனும் ஒரு வகையில் செய்யவேண்டும். ஒருவரை அனுப்பும்போது முகம்பார்த்துப் பேசுவதாவது, அவர் செய்ததை மறவாமல் சொல்லுவதாவது அதன் தொடக்கமாகட்டும்.

பிரியமானவர்களே, கூடைப்பந்தை ஒருநாளும் பார்த்திராதவர்களும் இதனை வாசிக்கிறீர்கள் என்பதை அறிவேன். ஆனால், நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் அணியில் இருக்கிறோம். வீடு ஓர் அணி. வேலைத்தலம் ஓர் அணி. அங்கே நீங்கள் கட்டுகிற இடத்தில் இருந்தால், உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: என்னிடம் வேலை செய்கிறவர் கூடுதல் நேரம் உழைப்பது மனமுவந்தா, அல்லது போக வேறிடம் இல்லாததாலா? "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று நான் சொல்லும்போது, குடும்பத்துக்குரிய பொறுப்பை நானும் ஏற்கிறேனா? பிள்ளைகளுக்காக என் மனைவி விட்ட வேலையைப் பெருந்தியாகம் என்று ஊரார்முன் புகழ்கிறேனே, அன்று அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்டேனா? அவள் கொடுத்தாளா, நான் எடுத்துக்கொண்டேனா?

நீங்கள் பாஷைப் போன்றவராக இருந்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் புள்ளிகள் குறைந்திருக்கலாம். உங்கள் பெயர் பட்டியலில் மூன்றாவதாக இருக்கலாம். நீங்களே தெரிந்துகொண்டு விட்டுக்கொடுத்ததென்றால், அது இழப்பு அன்று. அதன்மேல்தான் மற்றவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஆனால், உங்களைக் கேட்காமல் அது எடுக்கப்பட்டிருந்தால், அதற்குத் தியாகம் என்று பெயரிட்டு மௌனமாயிருக்க வேண்டியதில்லை. பேசுங்கள். ராபர்ட்சனும் பேசினார், அவர் அணியைக் குலைத்தவர் அல்லர்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். போயிருக்கலாம், ஆனாலும் உங்களோடு தங்கியிருக்கிறார் என்று சொல்லத்தக்க ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் போய், நீங்கள் தங்கியதை நான் அறிவேன், அதற்காக நீங்கள் எதை விட்டீர்கள் என்பதையும் அறிவேன் என்று சொல்லுங்கள். அவர் எதை விட்டார் என்பது உங்களுக்குத் தெரியாவிட்டால், முதலில் அதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.