குளிர் இல்லாத ஊரும் குளிர்கால ஆய்வும்

பழ ஈக்கள் குளிர்காலத்தை எவ்வாறு தாண்டுகின்றன என்ற ஆய்வு ஐரோப்பாவுக்கே உரியது, இலங்கையில் உறைபனியே காணாத ஒட்டுசுட்டானுக்கு அதனால் பயனில்லை என்று வாதிடுவோர், உணவற்ற இடைவெளியை ஒரு பூச்சி எவ்வாறு கடக்கிறது என்பதே அந்த ஆய்வின் உட்பொருள் என்பதைக் காணத் தவறுகின்றனர். அந்த ஆய்வின்படி, பெண் புள்ளிச்சிறகுப் பழ ஈ, முட்டை உருவாவதை நிறுத்தி வைக்கும் 'இனப்பெருக்க ஓய்வு' என்ற நிலையில், கருமை கூடிய உடலோடு வசந்தம்வரை காத்திருக்கிறது. மாம்பழத்தைத் துளைக்கும் கீழைத்தேயப் பழ ஈக்கோ அத்தகைய ஓய்வே கிடையாது. கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பருவம் முடிந்தபின்னும் வளவுகளில் கொய்யாவோ பப்பாசியோ பழுத்திருந்தால், தோலுக்குள் முட்டையிட்டு, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறையை அது உருவாக்கிவிடும்.

மெத்தில் யூஜினோல் என்ற கவர்ச்சிப்பொருள் வைத்த பொறி ஈக்களால் நிறைவதைக் கண்டு திருப்தியடைவோரும் உண்டு. ஆனால் அக்கவர்ச்சிப்பொருள் ஆண் ஈக்களையே ஈர்க்கும் என்பதும், தப்பிய சில ஆண்களே பல பெண்களோடு சேரக்கூடியவை என்பதும் இனப்பெருக்க ஆய்வின் வழியே தெரியவந்தவை. இத்தகைய ஆய்வில் இலங்கைக்கும் இடமுண்டு: 2003இல் கென்யாவில் கண்டறியப்பட்டு, 2005இல் ஆப்பிரிக்க மாதிரிகளோடு இலங்கை மாதிரிகளையும் கொண்டு புதிய இனமாக விவரிக்கப்பட்ட ஈ, 2015இல் இதே கீழைத்தேயப் பழ ஈயோடு ஒன்றாக்கப்பட்டது. இலங்கையின் பூச்சியே ஆய்வுமேசையில் கிடக்கும்போது அந்த ஆய்வை அயலாருடையது என்று தள்ளுவது விநோதமான தன்னிறைவு.