கோயில் கதவுக்கு எந்தக் காடு?

காடுகளைப் பற்றி மறையுரையில் நாம் பேசும்போதெல்லாம், “சாமி, இதெல்லாம் அரசாங்கத்தின் காரியம், நீங்கள் மோட்சத்துக்கு வழி சொல்லுங்கள்” என்று பெரியவர் சிலர் நயமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சொல்லும் முறை நயமானது. சொல்லப்படும் கருத்தோ பிழையானது.

மனிதனை ஆதாம் வாழ்ந்த தோட்டத்திற்கு உரிமையாளன் என்றா தொடக்க நூல் சொல்கிறது? அதன் இரண்டாம் அதிகாரம் அவனிடம் காவலை ஒப்படைக்கிறது. அங்கே வரும் ‘ஷாமர்’ என்ற எபிரேயச் சொல்லே, லேவியர் சந்திப்புக் கூடாரத்தைக் காத்து நின்றதற்கும் வருகிறது. திருத்தலத்தைக் காப்பதும் நிலத்தைக் காப்பதும் விவிலியத்திற்கு ஒரே சொல். இதை அறிய 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சுற்றுமடல் எழுதும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோத் தீவில் புக்கிட்னோன் என்பது மலைசூழ்ந்த மாகாணம். அங்கே சான் பெர்னாண்டோ பங்கின் ஏழை உழவர்கள், 1987-ஆம் ஆண்டில் மரமேற்றி வந்த லாரிகளுக்கு முன்னே சாலையை மறித்து நின்றார்கள். கற்றறிந்தோர் கருத்தரங்கில் உதித்த போராட்டமன்று அது. காடு போனால் நீர் போகும் என்று வயலில் நின்று கண்டவர்களின் போராட்டம். 1988 சனவரியில் அந்நாட்டு ஆயர் பேரவை இயற்கையின் அழிவைக் குறித்தே மேய்ப்புப்பணி மடல் ஒன்றை வெளியிட்டது. ஆயர் ரோசாலஸ் வழிநடத்திய மலாய்பலாய் மறைமாவட்டத்தில் குருக்கள் சிலர் வனக்காவல் அதிகாரமும் ஏற்றார்கள். அவர்களுள் ஒருவரான இளங்குரு நெரிலிட்டோ சாட்டுர், 1991 அக்டோபர் 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் போய், இது அரசாங்கத்தின் காரியம் என்று யார் சொல்வது?

“வெட்டினால் என்ன, மீண்டும் நட்டால் வளராதா?” என்பது வணிகரின் வாதம். அங்கே வெட்டப்பட்ட லவான் மரங்கள் நம் குங்கிலியத்தின் குடும்பத்தவை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பெருமளவில் பூத்துக் காய்க்கும். அவற்றின் விதை நெல்லைப்போல் குதிரில் காத்திருக்காது. விழுந்த சில நாள்களில் முளைக்க வேண்டும், இல்லையேல் மடியும். தாய்மரம் போனபின் கன்று எங்கிருந்து வரும்? முதிர்ந்த மரத்தை மட்டுமே வெட்டுகிறோம் என்றார்கள். அது சாயும்போது கொடிகள் பின்னிய அண்டை மரங்களையும் இழுத்துக்கொண்டே சாய்கிறது. இன்னொன்றும் உண்டு. ஒரு முறை வெட்டிய காடு மறு வெட்டுக்குத் தேற முப்பது ஆண்டுகளுக்கு மேலாகும். அரசு தந்த உரிமமோ 25 ஆண்டுகளுக்கு. தன் காலத்தில் பயன் தராத கன்றை எந்த வணிகன் பேணுவான்? குத்தகை முடியும் ஆண்டில் தென்னைக்கு உரமிடுகிறவனை நாம் இதுவரை பார்த்ததில்லை.

தூரத்துக் கதையென்று ஒதுங்கவும் நமக்கு வழியில்லை. பர்மாத் தேக்கு என்றால் நம்மவர்க்குக் கண் மலர்கிறது. 2014 ஏப்ரலில் மியன்மார் மரத்தடி ஏற்றுமதியைத் தடைசெய்தது. அதுவரை அந்நாட்டுத் தேக்கை வாங்கிக் குவித்தவர்களுள் நம் நாடு முன்வரிசையில் நின்றது. அந்தத் தேக்கில் ஒரு பங்கு இறைவனின் இல்லங்களுக்கும் வந்திருக்கும் என்பதை மறுக்க நமக்கு நாவெழவில்லை.

நம் பங்கில் பழைய கோயிலின் கதவுகள் மணிக்கூண்டின் அடியில் சாத்திக் கிடக்கின்றன. தச்சர் தட்டிப் பார்த்துவிட்டு, கீழ்ச்சட்டம் மட்டுமே உளுத்திருக்கிறது, மாற்றிவிடலாம் என்றார். நன்கொடையாளரோ வெளிநாட்டு மரத்தில் புதுக்கதவு செய்து, அதில் தம் தந்தையார் பெயரைப் பொறிக்க விரும்புகிறார். அடுத்த ஞாயிறு பங்குப் பேரவை கூடுகிறது. பழைய கதவிலும் பெயர் பொறிக்க இடமிருக்கிறது என்று அங்கே சொல்லவிருக்கிறோம்.