நடுவில் ஓடுகிறவனின் கூலி

பாலாற்று மணலில் கால்பந்து ஆடி வளர்ந்தவன் நான். ஆற்றில் தண்ணி ஓடாததால் எங்க சேரிக்குக் கிடைச்ச மைதானம் அது. சாயங்காலம் ஷூ கம்பெனி விட்டதும் ஆட்டம் தொடங்கும். என் இடம் நடு. முன்னால் நிற்கிறவன் கோல் போடுவான். கூட்டம் அவன் பேரைச் சொல்லிக் கத்தும். பந்தைப் பிடுங்கி அவன் காலில் கொண்டுபோய் வைத்தவன் பேரை யாரும் சொல்ல மாட்டாங்க.

டேனரியில் முப்பது வருசம் வேலை செஞ்ச எங்க பெரியப்பா ஒருநாள் கரையில் உட்கார்ந்து பார்த்துட்டுச் சொன்னார்: "நீ ஆடுறது சுண்ணாம்புத் தொட்டி வேலைடா. தோலை ஊறவச்சு, மயிரெடுத்து, சதை சீவிக் குடுக்கிறது நாங்க. ஷூவுல இருக்கிற பேரு வேற எவனுதோ."

கலியா குலோத்துங்கன் செத்துப்போன சேதியைப் படித்தபோது பெரியப்பா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நடுக்கள ஆட்டக்காரர். 2003 ஜூலையில் ஜகார்த்தாவில் தாய்லாந்தின் பிஇசி டெரோ சசானாவை 3-1 என்று தோற்கடித்து ஆசியான் கோப்பையைத் தூக்கிய ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தவர். மோகன் பகான், மகிந்திரா யுனைடெட், மும்பை எஃப்.சி., விவா கேரளா, பவானிபூர் என்று அவர் போட்ட சட்டைகள் பல. கொல்கத்தா, மும்பை, கேரளம் என்று எங்கே கூப்பிட்டாங்களோ அங்கே போனார். 2018 அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்ச் சேர்ந்தார்.

ஒரு கூட்டத்தில் இவரைப் பற்றிப் பேசினேன். கல்லூரி மாணவத் தம்பி ஒருவர் எழுந்து, "தோழர், அவரு நம்ம ஆளா?" என்றார். கேள்வி நியாயம்தான், நம்ம ஆட்களின் பேரை மறைச்சே பழகின நாடு இது. ஆனா நான் பேசுறது அவருடைய சாதியை அல்ல, அவருடைய கூலியை. கன்ட்ராக்ட் முடிஞ்சா மூட்டை கட்டுகிறவன் எவனோ, அவன் பொழப்பு ஆம்பூர் பேரணாம்பட்டு சனங்களுக்குத் தெரிஞ்ச பொழப்பு.

அவர் ஆடிய கிளப்புகள் என்னாச்சு பாருங்க. மகிந்திரா யுனைடெட்டை 2010இல் முதலாளி மூடினார். விவா கேரளா கைமாறி, பேர் மாறி, இல்லாமலே போனது. மும்பை எஃப்.சி.யும் போனது. ஆளுக்கு முன்னால் கம்பெனி செத்துப்போச்சு. 2001இல் கோலார் தங்கவயலை மூடினபோது, தலைமுறை தலைமுறையா அங்கே குழிக்குள் இறங்கின நம்ம வட ஆற்காட்டுச் சனங்க நின்ன நிலைமையும் இதுதான்.

கம்பெனி நிலைச்சாலும் உடம்பு நிலைக்குமா? வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ் 2018 மார்ச்சில் அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். அதே மாதம் சென்னையின் எஃப்.சி. கோப்பை வாங்கியது. அடுத்த லீக் சீசன் முழங்கால் காயத்தோடு போனது. சேரிப் பையனுக்கு நிலமில்லை, கடையில்லை, முழங்கால்தான் முதல். கோப்பை ஜெயிச்ச ராத்திரி "எங்க பையன்" என்று ஃபிளெக்ஸ் கட்டுகிற நாம், காயத்துக்கு அப்புறம் அடுப்பு எப்படி எரியுதுன்னு என்னிக்காவது கேட்டிருக்கோமா?

முன்பு இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே அணியில் இடம் கிடைச்சா அதோடு ஒரு வேலையும் கிடைக்கும். கால் ஓய்ந்த பிறகும் மேசை இருக்கும். பொதுத்துறை என்பதால் இடஒதுக்கீடு அங்கே நுழைய முடிந்தது. 2010இல் இந்தியக் கால்பந்து சம்மேளனம் 15 வருசத்துக்கு வணிக உரிமையை ரிலையன்ஸ் கூட்டாளியாக இருந்த கம்பெனிக்கு 700 கோடிக்குக் கொடுத்தது. 2014இல் புது லீக் வந்தது. வெளிச்சம் வந்தது, சம்பளமும் கூடியது, மறுக்கவில்லை. ஆனா ஒப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஆகஸ்டில், பெங்களூரு கிளப் ஆட்டக்காரர் சம்பளத்தை நிறுத்தியது; சென்னையின் எஃப்.சி. செயல்பாட்டையே நிறுத்தி வைத்தது. 'ஆர்டர் இல்லை, நாளைக்கு வராதே' என்று ஷூ கம்பெனி வாசலில் மேஸ்திரி சொல்வதற்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பெல்ஜியத்தில் ஜான் மார்க் போஸ்மான் என்று ஒரு சாதாரண நடுக்கள ஆட்டக்காரர். கன்ட்ராக்ட் முடிந்தும் அவரை வேறு கிளப்புக்குப் போகவிடாமல் தடுத்தார்கள். அஞ்சு வருசம் வழக்காடி 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்தார். அந்தத் தீர்ப்பால் நட்சத்திரங்கள் கோடிகள் பார்த்தார்கள். போஸ்மான் வறுமையைப் பார்த்தார். தனியாளாகப் போராடுகிறவனுக்கு ஜெயிச்சாலும் இதுதான் கதி. அதனால்தான் சங்கம் வேணும். 2006இல் பாய்ச்சுங் பூட்டியா முன்னின்று ஆட்டக்காரர் சங்கம் ஒன்று கட்டினார். அந்த மாதிரிச் சங்கங்களோடு நம்ம இயக்கம் பேச வேண்டாமா?

விளையாட்டில் திறமைதான் பேசும், சாதி பேசாது என்கிறார்கள். சரி, திறமை பேசட்டும். சேரிக்குப் பக்கத்தில் புல் முளைச்ச மைதானம் எத்தனை? அரசு இடத்தில் பயிற்சிப் பள்ளி நடத்தும் தனியார் கிளப்பில் நம்ம பிள்ளைகளுக்கு எத்தனை இடம்? காயம்பட்ட ஆட்டக்காரனுக்கு மருத்துவச் செலவு யார் தலையில்? பி.எஃப். உண்டா? இந்த நாலு கேள்வியையும் தெருவுக்குக் கொண்டுவரணும்.

எங்களுக்கு ஒரு கதாநாயகன் போதாது தோழர்களே. பேர் தெரியாமல் நடுவில் ஓடுகிற ஆயிரம் பேருக்கு முப்பத்தைஞ்சு வயசுக்கப்புறமும் சோறு வேணும். பெரியப்பா இப்ப இல்லை. சுண்ணாம்பு தின்ன அவர் விரல்களுக்கு எந்தக் கம்பெனியும் ஈடு கொடுக்கவில்லை. பாலாற்று மணலில் இன்னிக்கும் ஒரு பையன் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறான். அவன் முழங்காலுக்காவது நாம் கணக்குக் கேட்போம்.