படம் இல்லாத கேள்விக்குப் பதில் சொல்லலாமா? முதலில் 'படம் எங்கே?' என்று கேளுங்கள்!

10-ஆம் வகுப்பு பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் 2023-ல் மாநிலத்திலேயே முதலிடம் பெற்றது பெரம்பலூர் (97.67%). அடுத்த ஆண்டே அந்த இடத்தைப் பிடித்தது பக்கத்து மாவட்டமான அரியலூர் (97.31%). தேர்ச்சி விகிதத்தில் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் இனி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆனால், தேர்ச்சி வேறு, புரிதல் வேறு. வீட்டில் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு, வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணனோ அக்காவோதான் டியூஷன் டீச்சர். அவர்களும் பிஸி என்றால் ஏஐ சாட்பாட். இரண்டுக்கும் கேள்வி போவது டைப் செய்த எழுத்தாக. 'படத்தில் உள்ள மின்சுற்றில் பாயும் மின்னோட்டம் எவ்வளவு?' என்று கேள்வி வந்துவிடும். படம் மட்டும் வராது. அப்படியும் பதில் போய்விடுகிறது. சிக்கலே அங்கேதான்.

ஒரே கேள்வி, இரண்டு விடை

6 ஓம் மின்தடைகள் இரண்டு, ஒரு 12 வோல்ட் பேட்டரி. மின்னோட்டம் எவ்வளவு? தொடர் இணைப்பு என்றால் மொத்த மின்தடை 12 ஓம், மின்னோட்டம் 1 ஆம்பியர். பக்க இணைப்பு என்றால் மொத்தம் 3 ஓம், மின்னோட்டம் 4 ஆம்பியர். எந்த இணைப்பு என்பது படத்தில் மட்டுமே இருக்கிறது.

கணக்கிலும் இதே கதைதான். 5 செ.மீ ஆரமுள்ள வட்டத்தில் 6 செ.மீ, 8 செ.மீ நீளத்தில் இரண்டு இணையான நாண்கள். மையத்திலிருந்து அவை முறையே 4 செ.மீ, 3 செ.மீ தூரத்தில் இருக்கும். இரண்டும் மையத்துக்கு ஒரே பக்கம் என்றால் இடைவெளி 1 செ.மீ. எதிரெதிர்ப் பக்கம் என்றால் 7 செ.மீ!

உயிரியலுக்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டாம். ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி இது. பெரம்பலூர் மாவட்டம் காரை பகுதியிலும் அரியலூர் சுற்றுவட்டாரத்திலும் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அரியலூர் வாரணவாசியில் அதற்கென அருங்காட்சியகமே இருக்கிறது. 'சுருண்ட ஓடு, இது எந்த உயிரி?' என்று எழுத்தில் மட்டும் கேட்டால் நத்தை என்றும் சொல்லலாம், அம்மோனைட் என்றும் சொல்லலாம். உள்ளே அறை அறையாகத் தடுப்புகள் இருக்கின்றனவா என்று படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

தேர்வு வாரியத்துக்கே தெரியும்

சிபிஎஸ்இ வினாத்தாள்களில், படம் பார்த்து எழுத வேண்டிய கேள்விக்குப் பதிலாக, பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு வேறு கேள்வி தரப்படுகிறது. படத்தை மட்டும் நீக்கிவிட்டு அதே கேள்வியைக் கொடுப்பதில்லை. படம் போனால் கேள்வியும் போச்சு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அப்போ எல்லாக் கேள்விக்கும் படம் வேண்டுமா? இல்லை. தமிழ்நாடு 10-ஆம் வகுப்பு கணிதத் தேர்வில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என 16 மதிப்பெண். அங்கே தேவையான தகவல் எல்லாம் எழுத்திலேயே இருக்கும், படத்தை மாணவர்தான் வரைய வேண்டும். எனவே ஒரு எளிய சோதனை: கேள்வியை மட்டும் படித்து இரண்டு பேர் தனித்தனியாகப் படம் வரைந்தால், இரண்டும் ஒன்றாக வருமா? வரும் என்றால் தாராளமாக விடை சொல்லலாம். வராது என்றால் சொல்வது வெறும் ஊகம்.

தப்பான படத்துக்குச் சரியான கணக்கு

இப்படி ஊகித்துச் சொல்லும் பதிலில் ஸ்டெப் எல்லாம் பக்காவாக இருக்கும். அதனாலேயே பிள்ளை நம்பிவிடும். விடைக்குறிப்போடு ஒத்துப்போகவில்லை என்றால், 'எனக்குத்தான் கணக்கு வரல' என்று தன்னையே குறை சொல்லிக்கொள்ளும். பதிலே வராமல் இருந்திருந்தால் மறுநாள் வகுப்பில் ஆசிரியரிடமாவது கேட்டிருக்கும். அந்த வாய்ப்பையும் இந்த அரைகுறைப் பதில் கெடுத்துவிடுகிறது.

என்ன செய்யலாம்?

கேட்பவர்கள், பாடப்புத்தகப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஓரத்தில் இருக்கும் படம் கட் ஆகிவிடக் கூடாது. போட்டோ தெளிவாக இல்லையா? எது எதோடு சேர்கிறது, எந்தக் கோணம் 90 டிகிரி, எந்த அளவு எந்தப் பக்கத்துக்கு என்று நாலு வரி எழுதுங்கள். அப்படி எழுதும்போதே பாதிக் கணக்கு புரிந்துவிடும்.

பதில் சொல்பவர்கள், படம் இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள். கிடைக்கவே இல்லை என்றால், 'தொடர் இணைப்பு என்றால் இது, பக்க இணைப்பு என்றால் அது' என்று இரண்டையும் சொல்லுங்கள். சாட்பாட்டிடமும் 'எந்தப் படத்தை வைத்துச் சொன்னாய்?' என்று ஒரு கேள்வி போடச் சொல்லிப் பழக்குங்கள்.

'படத்தை அனுப்புப்பா' என்று டைப் செய்ய அரை நிமிஷம்கூட ஆகாது. தகவல் குறைவாக இருந்தால் விடை சொல்லக் கூடாது என்ற அறிவியலின் முதல் பாடத்தை, அந்தத் தம்பி அதிலேயே கற்றுக்கொள்வான்.