28 நாள் மாதமும் கல்வராயன் மலையும்



கடை வைத்திருக்கும் நமக்குக் கணக்கு தெரியும். முப்பது கிலோ என்று சொல்லி 28 கிலோ கட்டிக் கொடுத்த வியாபாரியிடம் மறுபடி போவோமா? செல்போன் கம்பெனிகள் பல ஆண்டுகளாக இதைத்தான் செய்கின்றன. அவர்களுடைய மாதத்திற்கு 28 நாள்தான்! வருடத்திற்கு 12 அல்ல, 13 முறை ரீசார்ஜ். 30 நாள் திட்டம் ஒன்றாவது தர வேண்டும் என்று 2022இல் டிராய் உத்தரவிட்டது. ஒன்றைத் தந்தார்கள்; மற்றவை பழையபடியே ஓடின.

2024 ஜூலையில் கம்பெனிகள் சொல்லி வைத்தாற்போல் கட்டணத்தை உயர்த்தின. தினம் ஒன்றரை ஜி.பி. தரும் ஜியோ திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. அந்த விலைக்கே கணக்குப் போடுங்கள். போன் ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,887 ரூபாய். அத்தா, அம்மா, கல்லூரிக்குப் போகும் பிள்ளை என மூன்று போன் என்றால் 11,661 ரூபாய்! வீட்டுக்கே ஒரு ஃபைபர் லைன் மாதம் 400 ரூபாய்க்குக் கிடைத்தால், 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து ஆண்டுக்கு 5,664 ரூபாய். வெளியே செல்பவர் ஒருவரின் போனுக்குத் தனியாக ரீசார்ஜ் செய்தாலும் 9,551 தான். மிச்சம் இரண்டாயிரம்தானே என்பீர்கள். ஒன்றரை ஜி.பி. தீர்ந்து பிள்ளையின் பாடம் பாதியில் நிற்பதற்கு என்ன விலை போடுவது?

ஆனால் அந்த லைன் எங்கே இருக்கிறது? கடைத்தெரு உள்ள ஊருக்குக் கம்பெனி தானாக வரும். நாலு குடிசையும் நாற்பது வளைவும் உள்ள மலைக்கு அது வராது. லாபம் இல்லாத இடத்துக்குப் போவது அரசின் கடமை. அதற்காகத்தான் டெலிபோன் கம்பெனிகளின் வருவாயில் 5 சதவீதம் பிடித்து 2002 முதல் தனி நிதியே வைத்திருக்கிறார்கள். அது அரசின் தருமப் பணம் அல்ல சகோதரர்களே, நாம் செய்யும் ரீசார்ஜிலிருந்து போகும் பணம்!

ஊராட்சி தோறும் கேபிள் போடும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது 2011 அக்டோபரில். 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழகத்தில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்க வேண்டும். மதிப்பீடு 1,815 கோடி. டெண்டர் விதிமுறைகள் மீது புகார் கிளம்பி 2020இல் டெண்டரே ரத்தானது. பணியைத் தொடங்கி வைத்தது 2022 டிசம்பரில்! அன்னைக்கும் ஆட்சிக்கு வந்தவர்கள் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். 2011இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை அப்போது பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் நின்றது.

இத்திட்டத்தில் கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவே செல்கிறது. பள்ளம் தோண்டும் வேலை குறைவு. மின்கம்பம் ஏறிய மலைக்கு ஃபைபரும் ஏறலாம் என்பதுதானே இதன் பொருள்?

கல்வராயன் மலை 1976இல்தான் ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அரசு நிர்வாகத்துக்கு வந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். 2024 ஜூனில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட பிறகுதான், அம்மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்டது. இத்தனை பிணங்கள் விழுந்த பிறகுதான் கேட்க வேண்டுமா? மலையாளி பழங்குடி மக்கள் சிக்னல் தேடி மேடேறும் காலத்தில், 100 நாள் வேலைக்கு 2023 ஜனவரி முதல் செல்போன் செயலியில் போட்டோ எடுத்தால்தான் வருகைப்பதிவு என்று ஆக்கினார்கள். வெள்ளிமலைக்கு மேலே இருப்பவர் இதை யாரிடம் போய்ச் சொல்வார்?

இது மலைவாசிகளின் பிரச்சினை, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். வக்ஃபு சொத்துகளை 'உமீத்' இணையதளத்தில் ஆறு மாதத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று 2025 ஜூனில் கெடு விதித்தபோது, பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெட் சென்டர் தேடி அலைந்த சிற்றூர் முத்தவல்லிகளை மறந்துவிட்டோமா? ஹஜ் விண்ணப்பமும் இணையத்தில். கல்வி உதவித்தொகையும் இணையத்தில். ஜி.எஸ்.டி. கணக்கும் இணையத்தில். வாசலை மட்டும் இணையத்தில் வைத்துவிட்டு வழியைக் காட்டாமல் விடுவது என்ன நியாயம்?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. விடுதியில் செல்போன் தடையை எதிர்த்து நம் சகோதரி ஃபஹீமா ஷிரின் தொடுத்த வழக்கில், இணைய வசதி கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இணையம் வழியாகத் தொழில் செய்வதற்கும் அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது. வணிகச் சகோதரர்கள் இந்தத் தீர்ப்பை அறிந்து வைத்திருக்க வேண்டும்.

பக்கத்துக் கேரளம் 2023 ஜூனில் கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கியது. தொகுதிக்கு நூறு ஏழைக் குடும்பம் என 14,000 வீடுகளுக்கு முதலில் இலவச இணைப்பு என்றும், மற்றவர்களுக்கு 299 ரூபாயிலிருந்து கட்டணம் என்றும் அறிவித்தது. அங்கும் தாமதம் உண்டு, குறைகள் உண்டு. ஆனால் 'ஏழை வீடு' என்று பெயர் சொல்லி ஒரு திட்டம் இருக்கிறது. இங்கே ஊராட்சி அலுவலகப் பெட்டியோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்தப் பெட்டியிலிருந்து குடிசை வரையிலான அரை கிலோமீட்டரை யார் இழுப்பது? உள்ளூர் கேபிள் டி.வி. நடத்தும் நம் இளைஞர்களிடம் நியாயமான பங்குக்கு அந்த வேலையைக் கொடுத்தால் செய்ய மாட்டார்களா?

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. சின்னசேலம், சங்கராபுரம், கல்வராயன் மலைப் பகுதி இளைஞர்களே, அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். கேபிள் வந்துவிட்டதா, பெட்டி வேலை செய்கிறதா, வீட்டு இணைப்பு என்று தருவீர்கள், என்ன விலை? இந்த நான்கையும் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நகலை நமக்கு அனுப்புங்கள். ஊர்வாரியாக இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.