மூன்று பிரதி இருக்கிறதாம்!

"மூன்று பிரதி இருக்கிறது சார், எதற்கு பேக்கப்?" வேலையில் இருந்த கடைசிச் சில வருடங்களில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஹடூப் கோப்பு முறையைப் பற்றிய பேச்சு இது. பெரிய கோப்பை வழக்கமாக 128 எம்.பி. துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் மூன்று இயந்திரங்களில் வைக்கும். சரி. ஆனால் துண்டின் பெயர் வெறும் எண். எந்த எண் எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்பது நேம்நோடு வைத்திருக்கும் கணக்கில்தான் இருக்கிறது. அது போனால், நிலம் அப்படியே கிடக்கும். பட்டாவும் புலப்படமும் எரிந்துபோன கதை.

"செகண்டரி நேம்நோடு இருக்கிறதே?" என்பார்கள். அந்தப் பெயரை வைத்த புண்ணியவானைத்தான் கேட்க வேண்டும்! அது மாற்று ஆள் இல்லை, கணக்கப்பிள்ளை. எடிட்ஸ் என்ற சிட்டாவை எஃப்.எஸ்.இமேஜ் என்ற பேரேட்டில் ஏற்றுவதுதான் அதன் வேலை. அதுவும் வழக்கமாக மணிக்கு ஒருமுறை.

அந்தப் பழைய பேரேட்டை வைத்து நேம்நோடை எழுப்பினால் என்ன ஆகும்? இடைப்பட்ட நேரத்தில் வந்த துண்டுகள் டேட்டாநோடுகளில் உயிரோடுதான் இருக்கும். கணக்கில் இல்லாத எண்ணைப் பார்த்த நேம்நோடு "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று விசாரிக்காது. அழிக்கச் சொல்லி உத்தரவு போடும். மூன்று பிரதியையும்! சேஃப் மோடில் இருக்கும்வரைதான் அழிக்காது. நம் ஆட்களோ, மேலதிகாரி பின்னால் நிற்கிறார் என்று முதலில் சேஃப் மோடைத்தான் எடுப்பார்கள். ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) இதற்காக நான் குரலை உயர்த்தி, பொல்லாதவன் என்று பெயர் வாங்கினேன். வாங்கியதில் வருத்தமில்லை.

சிட்டாவே கெட்டிருந்தால் 'ரெக்கவர்' கட்டளை உண்டு. பிசகு கண்ட இடத்தில் நின்று நம்மைக் கேட்கும். 'ஃபோர்ஸ்' சேர்த்தால் கேட்காமல் போய்க்கொண்டே இருக்கும். மூலத்தை நகல் எடுக்காமல் அதை ஓட்டுபவர்களை நிபுணர் என்கிறார்கள்.

"ஹடூப் 2-இலிருந்து ஸ்டாண்ட்பை வந்துவிட்டதே?" வந்தது. இயந்திரம் செத்தால் காப்பாற்றும். ஒருவர் தவறுதலாக அடியோடு அழித்த டைரக்டரியை அதுவும் சிரத்தையாகத் தன் கணக்கிலிருந்து அழிக்கும்.

இத்தனைக்கும், அமைப்புக் கோப்பில் ஒரு கமா போட்டு இன்னொரு பாதையைச் சேர்த்தால் பேரேடு இரண்டு இடத்தில் எழுதப்படும். தினம் ஒரு நகலை வெளியே எடுத்து வைக்கவும் பெரிய இடம் வேண்டாம். நான் பார்த்த பேரேடுகளைவிட என் பேத்தியின் போனில் இருக்கும் வீடியோக்கள் பெரிது.