வயசான நாய்க்கு இன்சூரன்ஸ் தேவையா?

நாய்க்கு இன்சூரன்ஸ் என்று சொன்னால் தருமபுரியில் இன்னும் சிரிக்கத்தான் செய்வார்கள். மாட்டுக்கு இன்சூரன்ஸ் என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் எந்தப் பக்கம் போனாலும் காதில் வில்லை மாட்டிய கறவை மாடுகளைப் பார்க்கலாம். மாடு இறந்தால் அந்த வில்லையைக் காட்டாமல் காசு வராது என்பது பால் கறக்கும் எல்லோருக்கும் தெரியும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதியை மாற்றியதிலிருந்து பிரீமியத்தில் விவசாயி கட்ட வேண்டிய பங்கு 15 சதவீதம்தான்.

அப்படியானால் நாய்க்கும் ஒன்று எடுத்துவிட்டால் என்ன? எங்கள் வீட்டு மணிக்கு ஒன்பது வயசு தாண்டியாச்சு. அதனால் பாலிசி விவரங்களை உட்கார்ந்து படித்தேன். படித்து வந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயசான நாய்க்கு இன்சூரன்ஸ் தேடி அலைவது வேண்டாத வேலை. அதற்காக ஒன்றும் செய்யாமல் இருப்பது அதைவிட மோசம்.

ஏன் என்று பார்ப்போம்.

மாட்டு இன்சூரன்ஸ் எதற்குப் பணம் தருகிறது? மாடு செத்தால். ஏனென்றால் மாடு ஒரு சொத்து, சந்தையில் அதற்கு விலை உண்டு, அது போனால் குடும்பத்தின் வருமானம் போகிறது. பொதுத்துறை நிறுவனங்களின் பழைய நாய் பாலிசிகளும் இதே அச்சில் வார்த்தவைதான். நாய் நோயிலோ விபத்திலோ இறந்தால் அதன் மதிப்புக்கு ஏற்ப ஒரு தொகை. ஆனால் பத்து வயசு நாய்க்கு சந்தையில் என்ன விலை? நாட்டு நாய்க்கு குட்டியாக இருக்கும்போதே விலை கிடையாது! நமக்கு வேண்டியது நாய் செத்த பிறகு வரும் காசு இல்லை, அது பிழைக்க வேண்டிய காசு. சிறுநீரகக் கோளாறு, கர்ப்பப்பையில் சீழ், மடியில் கட்டி, மூட்டு வலி, கண்புரை... இதுதான் வயசான நாயின் செலவுப் பட்டியல்.

மருத்துவச் செலவு தரும் பாலிசிகளும் வந்துவிட்டன. பஜாஜ் அலையன்ஸ் நிறுவனம் 2020 ஆகஸ்டில் ஒன்றை அறிமுகப்படுத்தியது. அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அதில் உண்டு. ஆனால் வயசு வரம்பைப் பாருங்கள். சேர்வதற்கு மூன்று மாதத்திலிருந்து ஏழு வயசு வரை. பத்து வயசோடு பாலிசி முடிந்தது. கிரேட் டேன் மாதிரி பெரிய உருவ நாய்களுக்கு நாலு வயசுக்குள் சேர வேண்டும், ஆறு வயசில் வெளியே!

அதாவது நோய் குறைவாக வரும் வயசில் பிரீமியம் கட்டுகிறோம். நோய் வரிசை கட்டி வரும் வயசில் பாலிசி இல்லை. மழைக்காலம் வந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளும் குடை இது.

கம்பெனிக்காரர்களைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். பி.காம். படிக்கிறவர்களுக்கு அட்வர்ஸ் செலக்‌ஷன் என்ற பாடம் ஞாபகம் இருக்கும். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதிய பழைய கார் சந்தை பற்றிய கட்டுரைதான் அதற்கு மூலம். 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே கட்டுரையில் அவர் இன்னொரு உதாரணமும் சொல்கிறார்: 65 வயசு தாண்டியவர்களுக்கு ஏன் மருத்துவ இன்சூரன்ஸ் கிடைப்பதில்லை? பிரீமியத்தை ஏற்றினால் ஆரோக்கியமானவர்கள் விலகிவிடுவார்கள், நோயாளிகள் மட்டும் மிஞ்சுவார்கள். மறுபடி ஏற்ற வேண்டும், மறுபடி விலகுவார்கள். கடைசியில் கடையை மூடுவதுதான் வழி. வயசான நாய்க்கும் இதே கதை. நாய் இருமிய பிறகுதானே நாம் பாலிசியையே தேடுகிறோம்?

மனிதர்கள் விஷயத்தில் அரசாங்கம் குறுக்கே வந்தது. 2024 ஏப்ரலிலிருந்து, 65 வயசு வரை உள்ளவர்களைச் சேர்த்தால் போதும் என்றிருந்த வரம்பை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எடுத்துவிட்டது. மனிதர்களின் மருத்துவ பாலிசியை வயசைக் காட்டி புதுப்பிக்க மறுக்கவும் முடியாது. நாய்க்கு அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஓட்டு இல்லையே :)

சரி, கணக்குக்கு வருவோம். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில் மாதம் 500 ரூபாய் போட்டால் ஐந்து வருஷத்தில் நாம் கட்டியது 30,000. 6.7 சதவீத வட்டியில் கைக்கு வருவது 35,600 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். நாய்க்கு இரண்டு வயசாகும்போது ஆரம்பித்தால் ஏழு வயசில் பணம் தயார். சரியாக இன்சூரன்ஸ் கதவு சாத்தும் வயசு அது! ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டினால், இருப்பில் பாதி வரை கடனும் எடுக்கலாம். நாய்க்கு எந்த நோயும் வராவிட்டால் பணம் நம்முடையது. நாய்க்கு எத்தனை வயசு, என்ன இனம், முன்பே இருந்த நோயா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆர்.டி. ஆரம்பித்த ஆறாவது மாசம் நாய் லாரியில் அடிபட்டால் கணக்கில் 3,000 ரூபாய்தான் இருக்கும். தருமபுரி வழியாக நாலு வழிச் சாலை போகும்போது இது கற்பனை பயம் இல்லை. அதனால் இளம் நாய்க்கு இன்சூரன்ஸ் எடுப்பதை நான் தப்பு சொல்ல மாட்டேன். நாய் யாரையாவது கடித்து இழப்பீடு கேட்டால் அதற்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் வசதி சில பாலிசிகளில் உண்டு. கடிக்கிற குணமுள்ள நாய் என்றால் அதுவே பெரிய விஷயம். இளமையில் பாலிசி, கூடவே ஆர்.டி., வயசான பிறகு சேமிப்பு. இதுதான் என் கணக்கு.

இப்பவே எட்டு, ஒன்பது வயசு ஆகிவிட்ட நாய்க்கு? ஐந்து வருஷ ஆர்.டி. உதவாது. முடிந்த தொகையைத் தனியாக சேமிப்புக் கணக்கில் போட்டுத் தொடாமல் வைக்க வேண்டியதுதான். அவசரமில்லாத எதற்கும் முதலில் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். பெரிய சிகிச்சைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போய்வர வண்டி வாடகைக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள், சிகிச்சை பில்லோடு செலவு முடிவதில்லை.

பெண் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஸ்வீடனில் பெரும்பாலான நாய்களுக்கு இன்சூரன்ஸ் உண்டு, அந்தப் பதிவுகளை வைத்தே ஆராய்ச்சி செய்கிறார்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு பத்து வயசுக்குள் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். கர்ப்பப்பையையே எடுத்துவிடும் கருத்தடை ஆபரேஷனை இளமையில் செய்துவிட்டால் அந்த நோய்க்கு இடமே இல்லை. எந்த பாலிசியும் தராத பாதுகாப்பு இது.

இதையெல்லாம் நாய் நன்றாக இருக்கும்போதே யோசிக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். நாய் சோறு தின்னாமல் படுத்த பிறகு, "இவ்வளவு செலவு பண்ணணுமா, நாய்தானே" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் வரும். அப்படிப் பேசுகிறவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, பெரும்பாலும் அந்த மாசம் கையில் காசு இல்லாதவர்கள். பத்து வருஷம் வாசலில் படுத்து வீட்டைக் காத்த ஒன்றின் உயிரை, மாசக் கடைசியா முதல் வாரமா என்பது முடிவு செய்யக்கூடாது. மாதம் 500 முடியாவிட்டால் 100 போடுங்கள். ஆர்.டி.க்கு அதுதான் குறைந்தபட்சத் தொகை.